குடிக்காமல் வைத்த டீ

இன்ஜின் கொதித்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்த பிறகுதான் தலால் லாரியை ஓரங்கட்டினான்.

யாரிடம் சொல்ல என்பது அவனுக்கே தெரியவில்லை. அங்கே கேட்பதற்கு ஆள் இல்லை. ஆனாலும் கேபினை முன்பக்கமாகக் கவிழ்த்து, இன்ஜினை வெயிலுக்குக் காட்டிவிட்டு, இடுப்பில் கைவைத்து நின்றான். கேபினுக்குள் அம்மா கட்டிக்கொடுத்த பேரீச்சம்பழமும் ரொட்டியும் உருண்டுபோய் முன்கண்ணாடியில் விழுந்த சத்தம் கேட்டது. அதைக் கேட்டபோதுதான் தான் செய்வது பொய் என்பது அவனுக்கு உறைத்தது.

முன்னால் சாலை முடிந்துபோயிருந்தது. அவன் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது. ராஸ் அந்நகப்பின் உச்சி வரைக்கும் தட்டையாக, நல்ல பிள்ளை மாதிரி வருகிற பாலைவனச் சாலை, அங்கே வந்ததும் சட்டென்று குனிந்து, மலையின் விலாவில் வளைந்து வளைந்து குவைரா சமவெளிக்கு இறங்குகிறது. அகபா துறைமுகத்துக்குப் போக வேறு வழி கிடையாது. பின்னால் டிரெய்லர் நிறைய பாஸ்பேட். அத்தனை பாரமும் முதுகில் கையை வைத்து 'போ, போ' என்று தள்ளப்போகிறது.

மஆன் ஊரைச் சுற்றி ஜல்லி லாரி ஓட்டிய காலத்தில் அவன் பயந்ததே இல்லை. அப்போது வண்டி வேறு யாருடையதோ. பயமும் அந்த ஓனருடையதாக இருந்தது. இப்போது பதிவுப் புத்தகத்தில் அவன் பெயர். சொந்த வண்டி என்றால் பயமும் சொந்தமாகிவிடும் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

வண்டி வாங்க அம்மா வளையல்களைக் கழற்றிக் கொடுத்தாள். மீதியை அவ்வாத் மாமா போட்டார், ஒரு நிபந்தனையோடு.

"முதல் நடையை நீயே கொண்டுபோய் அகபாவுல இறக்கிட்டு வா. வந்துட்டேன்னா வண்டி உன் கையில. நடுவுல வேற எவனாவது ஸ்டியரிங்கைப் பிடிச்சான்னு கேள்விப்பட்டேன், அன்னிக்கே டிரைவர் போட்டுடுவேன். நீ ஓனர்னு சொல்லிக்கிட்டு அம்மா பக்கத்துல உட்கார்ந்து டீ குடி."

இருபத்து மூன்று வயதில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிப்பதைவிட மோசமான எதிர்காலம் மஆனில் கிடையாது.

கொஞ்ச நேரம் நின்று மூச்சு விட்டுக்கொண்டு, மனசு அடங்கியதும் இறங்கிவிடலாம் என்பதுதான் அவன் திட்டம். ஆனால் அவசரத்தில் ஒன்றை மறந்துவிட்டான். இந்தச் சாலையில் கேபின் கவிழ்ந்து நிற்கிற லாரியைத் தாண்டி எந்த லாரியும் போகாது. போனால் அந்த டிரைவரின் பெயர் அகபா வரைக்கும் நாறிவிடும்.

முதலில் வந்தவர் அபூ ஃபராஜ். வந்தவர் என்றுகூடச் சொல்ல முடியாது. பின்னால் ஓரமாக நின்றிருந்த ஒரு பச்சை லாரி ஊர்ந்து வந்து அவன் வண்டிக்குப் பின்னால் ஒட்டினாற்போல் நின்றது. அதிலிருந்து அகலமான மீசையும், கஞ்சி போட்டாற்போல் விறைத்த சிவப்புக் கட்டம் போட்ட தலைத்துணியும், கறுப்புக் கண்ணாடியுமாக ஒரு ஆள் இறங்கினார். திறந்த கதவு வழியே இருக்கைகளின் பிளாஸ்டிக் உறைகூடக் கிழியாமல் இருந்ததைத் தலால் பார்த்தான். வண்டியை வைத்துக்கொண்டால் இப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தான்.

"என்ன தம்பி ஆச்சு?"

"இன்ஜின் கொதிச்சிடுச்சு, சித்தப்பா."

அவர் இன்ஜினைப் பார்த்தார். பிறகு கீழே இறங்கும் சாலையைப் பார்த்தார். பிறகு தலாலை ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஆறட்டும். அவசரமே படாதே. நான் இருக்கேன். ஒரு ஆளை ரோட்டுல விட்டுட்டுப் போற பழக்கம் எனக்குக் கிடையாது."

தலால் லாரியின் சைடு பெட்டியைத் திறந்து அடுப்பைப் பற்றவைத்தான். நிற்கிற வண்டிக்காரன்தான் டீ போட வேண்டும். உதவிக்கு வருகிறவன் விருந்தாளி.

அபூ ஃபராஜ் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து தஸ்பீஹ் மணிமாலையை உருட்டினார்.

"எந்த கியர்ல இறங்கலாம்னு இருக்கே?"

பரீட்சை வைக்கிறார் என்று தலாலுக்குப் புரிந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தான். "மூணாவதுல."

"ஏன் மூணு?"

"அஞ்சுல போனா இன்ஜின் பிடிக்காது, வண்டி ஓட ஆரம்பிச்சிடும். மேலேயே கியரைப் போட்டுக்கணும். நடுவுல மாத்தக் கூடாது."

"பிரேக்?"

"அழுத்திக்கிட்டே போனா சூடாகி, அப்புறம் பிடிக்காது. எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டு, இன்ஜினாலயே வேகத்தைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு, அப்பப்போ அழுத்தி விடணும்."

"அழுத்தி... விடணும்," என்று கண்ணை மூடிக்கொண்டு அவர் உதடு அசைத்தார். "ம். சரியாத்தான் சொல்றே. இன்னொரு தடவ சொல்லு, பார்ப்போம். மொதல்லேருந்து."

தலால் முதலிலிருந்து சொன்னான். சொல்லச் சொல்ல, தனக்கு இவ்வளவு தெரிந்திருக்கிறதே என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. தெரிந்திருந்தும் கால் நடுங்குகிறதே என்பது அதைவிட ஆச்சரியம். தலைக்கும் காலுக்கும் நடுவில் எங்கேயோ தகவல் போய்ச் சேரவில்லை.

டீ கொதிக்கும் முன்பே அடுத்த லாரியில் சுவைலிம் வந்துவிட்டார். அந்தச் சாலையிலேயே பிறந்து வளர்ந்தவர் மாதிரி ஒல்லியாக, கருப்பாக, செருப்பில்லாத காலோடு குதித்து இறங்கினார். கூடவே அவர் தம்பி. எதுவும் கேட்காமல் துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திருகித் திறந்து, உள்ளே எட்டிப் பார்த்தார்.

"கொதிச்சிடுச்சா? யாருய்யா சொன்னது? இதுக்குள்ள ஒரு பொட்டு ஆவி இல்ல. என் மாமியார் வீட்டு வரவேற்புகூட இதைவிடச் சூடா இருக்கும்."

தலாலுக்குக் காது சிவந்தது. ஒரு பொய்யை எடுத்துவிட்டால் அந்த இடம் காலியாக இருக்க மாட்டேன் என்கிறது. உடனே இன்னொன்று வந்து உட்கார்ந்துகொள்கிறது.

"இன்ஜின் இல்லண்ணே... பிரேக். காத்து இறங்குற மாதிரி தோணுச்சு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. ராஸ் அந்நகப்பின் உச்சியில் நின்றுகொண்டு பிரேக் சரியில்லை என்று சொல்வது, மணமேடையில் நின்றுகொண்டு எனக்கு ஏற்கெனவே ஒரு பெண்டாட்டி இருக்கிறாள் என்று சொல்வதைப் போல. சுவைலிமின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. டீயைத் தொடாமல் வண்டிக்கு அடியில் நுழைந்தார்.

அடுத்து வந்த லாரியும் நின்றது. அதற்கடுத்ததும். "என்ன?" "பிரேக்காம்." "அல்லாவே, இங்கேயா?" ஆளாளுக்கு அடியில் நுழைந்தார்கள். வெளியே காலும் செருப்பும் மட்டும் வரிசையாகத் தெரிந்தன. தலால் டீயில் சர்க்கரை போட்டுக்கொண்டே இருந்தான்.

சுவைலிம் புழுதியோடு வெளியே வந்தார். "எல்லாம் கல்லு மாதிரி இருக்கு. ஒரு சொட்டுக் காத்து இறங்கல. எடு வண்டியை."

எடு வண்டியை. தலால் இன்னொரு கரண்டி சர்க்கரையை எடுத்தான்.

"பொறு," என்றார் அபூ ஃபராஜ், கல்லைவிட்டு எழாமல். "டிரெய்லர் பிரேக்குக்குக் காத்து போற ஹோஸைக் கழட்டிப் பார்த்தீங்களா?"

"அது நல்லாத்தானே இருக்கு?"

"பிரேக் விஷயம். கழட்டிப் பார்க்காம ஒரு பையனைக் கீழ அனுப்பறதா? நான் சம்மதிக்க மாட்டேன்."

இப்படியும் ஒரு மனிதர். தலால் அவர் டீயில் வாசனை இலை இன்னும் இரண்டு கூடுதலாகப் போட்டான்.

சுவைலிம் முணுமுணுத்துக்கொண்டே ஹோஸைக் கழற்றினார். காய்ந்து கிடந்த ரப்பர் வாஷர் அவர் விரலோடு இரண்டு துண்டாக வந்தது. திரும்ப மாட்டியபோது வண்டி பாம்பு மாதிரி சீறியது. காற்று இறங்கியது. இத்தனை நேரம் இல்லாத கோளாறு இப்போது நிஜமாகவே வந்துவிட்டது.

"பார்த்தீங்களா?" என்றார் அபூ ஃபராஜ். அவர் குரலில் இருந்தது கவலையா, நிம்மதியா என்று சொல்ல முடியாது. "நான் சொன்னேனே."

எல்லாரும் அவரை மரியாதையோடு பார்த்தார்கள். ஒருவர் தலாலைத் தட்டிக்கொடுத்தார். "பிரேக் பிசகினதை ஓட்டும்போதே கண்டுபிடிச்சிருக்கான் பாரு. இந்த வயசுல எனக்கு ஹாரன் எங்க இருக்குன்னே தெரியாது." பாராட்டு என்பது இவ்வளவு வலிக்கும் என்று தலாலுக்கு அன்றுதான் தெரிந்தது.

வாஷரைத் தேடி எல்லாருடைய பெட்டிகளும் திறந்தன. வாஷருக்கு முன்னால் தக்காளி வந்தது. யாரோ பெரிய வாணலியில் பச்சை மிளகாயோடு வதக்க ஆரம்பித்தார்கள். ரொட்டி வந்தது. ஆலிவ் வந்தது. சாலையோரம் ஒரு கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. மாப்பிள்ளைக்கு மட்டும் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த நேரத்தில் மஆன்காரர் ஒருவர் போனை மடியில் போட்டுக்கொண்டு அன்போடு சொன்னார்: "கவலைப்படாதே தலால், உன் மாமாவுக்குச் சொல்லிட்டேன்."

"என்னன்னு சொன்னீங்க?"

"உச்சியில பிரேக் போயிடுச்சுன்னு. பாவம், துடிச்சுப் போயிட்டார். உடனே கிளம்பறேன்னார். கூடவே மர்ஸூக்கையும் கூட்டிக்கிட்டு வரார். வேலை இல்லாம இருக்கானே, நல்ல டிரைவர், அந்த மர்ஸூக்."

தலால் வாணலியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். மர்ஸூக்கின் தடித்த கைகள் தன் ஸ்டியரிங்கின்மேல் இருப்பதைக் கண்டான். அம்மாவின் வெறும் மணிக்கட்டைக் கண்டான். வளையல் இருந்த இடத்தில் தோல் கொஞ்சம் வெளுத்திருக்கும். அதை அவள் முக்காட்டுத் துணியை இழுத்து மூடிக்கொள்வாள், அவன் பார்த்துவிடக் கூடாதென்று.

சுவைலிமின் தம்பி பழைய டப்பா ஒன்றிலிருந்து ஒரு வாஷரைக் கண்டுபிடித்துவிட்டான். மாட்டினார்கள். சீறல் நின்றது. காற்றுமானியின் முள் ஏறி, இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்தது. கேபினை நிமிர்த்தினார்கள். இனி வண்டியில் ஒரு குறையும் இல்லை. குறை எங்கே என்பது தலாலுக்கு மட்டும்தான் தெரியும்.

அவன் எல்லாருக்கும் புது டீ ஊற்றினான். கை நடுங்கியதில் தட்டில் பாதி போயிற்று. சுவைலிம் அந்தக் கையைப் பார்த்தார். தன் கிளாஸை வாங்கி, ஒரு வாய்கூடக் குடிக்காமல் தரையில் வைத்தார்.

பேச்சு நின்றது. டீயோ காப்பியோ, குடிக்காமல் கீழே வைத்தால் விருந்தாளிக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது என்று அர்த்தம். கொடுத்தவன் சம்மதிக்கும் வரை அவன் அதைத் தொட மாட்டான். பெண் கேட்கப் போனாலும் சரி, கொலைக்கு மன்னிப்புக் கேட்கப் போனாலும் சரி. அந்த டீ ஆறிப்போனால் அவமானம் வீட்டுக்காரனுக்கு.

"தலால்," என்றார் சுவைலிம், மென்மையாக. "உன் வண்டியை நான் கீழ இறக்கிக் கொடுக்கறேன். என் வண்டியைத் தம்பி எடுத்துக்கிட்டு வருவான். நீ என் பக்கத்துல உட்கார்ந்து வா. சரின்னு சொல்லு, குடிக்கறேன்."

அதில் ஏளனம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. சரி என்றால் வண்டி போயிற்று. முடியாது என்றால், வழியில் நின்று உதவி செய்தவனின் டீயை ஆறவிட்ட முதல் மஆன்காரன் அவனாகத்தான் இருப்பான்.

வாயைத் திறந்தான். 'சரி' என்பதுதான் வந்திருக்கும். அதற்குள் 'டக்' என்று ஒரு சத்தம். அபூ ஃபராஜ் தன் கிளாஸைத் தரையில் வைத்துவிட்டார்.

"நானும் குடிக்க மாட்டேன்!" மீசை துடித்தது. "பையன் வண்டியைப் பையன்தான் ஓட்டணும். அவனே முன்னாடி இறங்கணும். அதுக்குச் சரின்னு சொன்னாத்தான் இந்த டீயைத் தொடுவேன்."

"என்னண்ணே இது, புள்ளை கை நடுங்குது, பார்க்கலையா?" என்றார் சுவைலிம்.

"நடுங்கட்டும்! கியர் தெரியுது, பிரேக் தெரியுது. என்கிட்ட ரெண்டு தடவ ஒப்பிச்சான். அவனை நம்பி நான் பின்னாடியே வருவேன், தெரியுமா? ஒட்டிக்கிட்டே வருவேன்!"

ஒருவர் சுவைலிம் பக்கம் கிளாஸை வைத்தார். இன்னொருவர் அபூ ஃபராஜ் பக்கம் வைத்தார். மஆன்காரர் எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். ஒரு வீட்டுக்காரன் முன்னால் இரண்டு எதிரெதிர்க் கோரிக்கைகள். எதற்குச் சரி சொன்னாலும் மற்றது ஆறிப்போகும். தரையில் கிளாஸ்களின் ஆவி மெலிந்துகொண்டே வந்தது. சாலையில் மாமாவின் வண்டி வேறு வந்துகொண்டிருக்கிறது.

தலால் அபூ ஃபராஜைப் பார்த்தான். முன்பின் அறியாத ஒரு மனிதர் தன் பயணத்தை விட்டுவிட்டு, இத்தனை பேர் நடுவில், அவனுக்காகக் கிளாஸைக் கீழே வைத்திருக்கிறார். இவ்வளவு நம்பிக்கையின் முன்னால் பொய்யோடு நிற்பது, அழுக்குச் சட்டையோடு பள்ளிவாசலுக்குள் நிற்பதைப் போல இருந்தது.

"இன்ஜின் கொதிக்கல," என்றான். குரல் யாருடையதோ போல வந்தது. "பிரேக்கும் போகல. எனக்குப் பயமா இருந்துச்சு. அதான் நிறுத்தினேன். இப்பவும் பயமாத்தான் இருக்கு."

சிரிப்பார்கள் என்று காத்திருந்தான்.

"ஆனா நானே இறக்கறேன்," என்று முடித்தான்.

சுவைலிம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு குனிந்து தன் கிளாஸை எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"பச்சைத் தண்ணி. அட கிறுக்கா, இதை மொதல்லயே சொல்லியிருந்தா சூடாவே குடிச்சிருப்பேனே! பிரேக்மேல பழி போடறவனைத்தான் நான் நம்ப மாட்டேன். பயந்தவனை நம்புவேன், பயந்தவன் மூணாவது கியர்ல போவான். போ, ஏறு."

எல்லாரும் கிளாஸை எடுத்தார்கள். அபூ ஃபராஜ் குடிக்கவில்லை. ஏற்கெனவே தன் வண்டிக்கு ஓடிக்கொண்டிருந்தார்.

"முன்னாடி போறியா அண்ணே?" என்று சுவைலிம் கத்தினார்.

"பையனுக்குப் பின்னாடி நான்! நடுவுல எவனும் வராதீங்க!"

தலால் ஏறினான். கண்ணாடியில் ஒட்டியிருந்த பேரீச்சம்பழம் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு மூன்றாவது கியரைப் போட்டான். விளிம்பு வந்தது. சாலை முடிந்தது. பிறகு, முடியவில்லை என்று தெரிந்தது, இறங்கித் தொடர்ந்தது. பாரம் முதுகில் கை வைத்தது. எக்ஸாஸ்ட் பிரேக் முனகியது. அழுத்தினான், விட்டான். அழுத்தினான், விட்டான். கால் நடுங்கிக்கொண்டேதான் இருந்தது. ஆனால் நடுங்கிய காலே சரியான நேரத்தில் அழுத்தியது, சரியான நேரத்தில் விட்டது. பயம் போன பிறகுதான் தைரியம் வரும் என்று இத்தனை நாள் காத்திருந்தது எவ்வளவு முட்டாள்தனம் என்று அவனுக்குத் தோன்றியது. இரண்டும் ஒரே இருக்கையில் ஒண்டி உட்கார்ந்து வந்தன.

ஒவ்வொரு வளைவிலும் கண்ணாடியில் பார்த்தான். பச்சை லாரி இருந்தது. அவன் அழுத்தியபோது அதன் முன்பக்கமும் குனிந்தது. அவன் விட்டபோது நிமிர்ந்தது. தன்னைக் காக்கிற நிழல் மாதிரி அது வருகிறது என்று நினைத்து, ஒருமுறை கண் கலங்கிவிட்டது.

கீழே, மணல் சிவந்து தட்டையாகிற இடத்தில், காப்பிக் கடை ஓரமாக வண்டியை நிறுத்தினான். இறங்கியபோது பூமி கெட்டியாக இருந்தது. போன் அடித்தது.

"எங்கடா இருக்கே?" அவ்வாத் மாமா. "நானும் மர்ஸூக்கும் உச்சியில நிக்கறோம். இங்க ஒரு ஆளும் இல்ல, ஒரு வாணலிதான் கிடக்கு!"

"கீழ இருக்கேன் மாமா. குவைராவுல."

"யாரு ஓட்டினது?"

"நான்தான்."

"மூணாவதுலயா?"

"மூணாவதுல."

"சரி," என்றார் மாமா. தொண்டையைச் செருமிக்கொண்டார். "அகபாவுல இறக்கிட்டு அம்மாவுக்குப் போன் பண்ணு. டேய் மர்ஸூக், வண்டியில ஏறு, போலாம். சாப்பாடு வாங்கித் தரேன்."

தலால் போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டான். சற்றுத் தள்ளி அபூ ஃபராஜ் வண்டியிலிருந்து இறங்கி, அப்படியே மணலில் நெற்றியை வைத்து விழுந்து தொழுதார். எழுந்திருக்க ரொம்ப நேரம் ஆயிற்று. எனக்காகவா, என்று தலால் நெகிழ்ந்து போனான்.

காப்பிக் கடையில் ரோந்து போலீஸ்காரர் ஒருவர் நின்றிருந்தார். மேலும் கீழும் அந்த இறக்கத்தைச் சுற்றுவதே அவர் வேலை. யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது தலாலுக்கு.

"அந்த மனுஷரைப் பாருங்க, சார். எனக்காக அரை நாள் தன் வேலையை விட்டுட்டு நின்னார். ஊர் பேர் தெரியாதவன் நான். ஆனா என்மேல அவருக்கு எவ்வளவு நம்பிக்கை தெரியுமா? அவர் இல்லேன்னா நான் இறங்கியிருக்கவே மாட்டேன்."

போலீஸ்காரர் காப்பியை உதட்டிலிருந்து எடுத்தார். திரும்பி, மணலைத் தட்டிக்கொண்டு நின்ற அபூ ஃபராஜைப் பார்த்தார்.

"யாரு, அபூ ஃபராஜா? வண்டி வாங்கி ஒரு வாரம்கூட ஆகல, தம்பி. 'எல்லாப் பயலும் பறக்கறான், மெதுவா இறங்கற ஆள் ஒருத்தன் வந்தா அவன் பின்னாடியே ஒட்டிக்கிட்டு இறங்கிடுவேன்'னு சொல்லிச் சொல்லி, முந்தாநாள்லேருந்து உச்சியிலயே நின்னுக்கிட்டு இருந்தாரு."